"தகப்பனார் சொன்னபடி": மனநிலைச் சான்றும் சாதியும்

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரிதாக மாற்றவில்லை.)



அழைத்த தோழர் "சாதி மறுப்புத் திருமணமும் சட்டமும்" என்றுதான் தலைப்புக் கொடுத்தார். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் அதற்குள்ளேயே ஒரு சின்ன மூலையை எடுத்துக்கொள்கிறேன் என்று அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். ஒருவருக்குச் சொந்தமாக முடிவெடுக்கிற மனநிலை இருக்கிறதா என்று யார் தீர்மானிப்பது? அந்த அதிகாரத்தைச் சட்டம் இதுவரை யார் யார் கையில் கொடுத்து வைத்திருந்தது? இதுதான் என் பேச்சு. கேட்பதற்கு மருத்துவக் கல்லூரிப் பாடம் மாதிரி இருக்கும். ஆனால் இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது ஒருவருக்கு இது தேவைப்பட்டுவிடுமோ என்ற பயத்தோடுதான் பேசுகிறேன்.

முதலில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன்.

2011. நான் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியர். ஒரு நாள் சாயங்காலம் ஓர் இளைஞர் அலுவலகத்துக்கு வந்தார். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர், லேத் பட்டறையில் வேலை. அவரும் ஓர் இடைநிலைச் சாதிப் பெண்ணும் சுயமரியாதைத் திருமணம் செய்து, பதிவும் செய்து, 11 நாள் ஆகியிருந்தது. பெண்ணுக்கு 22 வயது, பட்டதாரி. 12ஆம் நாள் காலையில் பெண் வீட்டார் வேன் எடுத்துக்கொண்டு வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். காவல் நிலையத்தில் புகாரை வாங்கவில்லை. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டோம்.

பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கூடவே அப்பா, சித்தப்பா, ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர். "பையன் மருந்து வச்சுட்டான், பிள்ளைக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று நீதிமன்ற வராந்தாவிலேயே அழுதார்கள். உள்ளே அவர்களுடைய வழக்கறிஞர் மருந்து வைத்த கதையெல்லாம் பேசவில்லை. ஒரு தனியார் மருத்துவமனைக் கோப்பை நீட்டினார், அவ்வளவுதான். 9 நாள் உள்நோயாளி, மனநோய், தொடர் சிகிச்சை தேவை. ஊரில் வசியம் என்று சொல்லப்பட்டது, உயர் நீதிமன்றத்துக்கு வரும்போது நோய் என்று உடை மாற்றிக்கொண்டு வந்திருந்தது.

நீதிபதி அந்தப் பெண்ணிடம் "யாரோட போகணும்மா?" என்று கேட்டார். அவர் நின்றுகொண்டே இருந்தார். மாத்திரையின் கிறக்கம் முகத்தில் தெரிந்தது. பதில் வர வெகு நேரம் ஆனது, வந்ததும் யாருக்கும் புரியவில்லை. சீனியர் கோப்பை என் கையில் கொடுத்து வேகமாகப் படித்துச் சொல்லச் சொன்னார். நான் கடைசிப் பக்கத்தில் நோயின் பெயரை மட்டும் பார்த்தேன். "சார், இதை வலியுறுத்தினா நமக்கே சிக்கல்" என்றேன். இரண்டு வாரம் பெற்றோரிடம் இருக்கட்டும் என்று உத்தரவானது. இரண்டு வாரம் கழித்து வந்தபோது அவர் தெளிவாகவே பேசினார். பெற்றோரோடு போகிறேன் என்றார். மனு முடித்துவைக்கப்பட்டது.

அந்தக் கோப்பின் நகலைப் பல வருடம் கழித்து அலுவலகம் மாற்றும்போது மறுபடி எடுத்துப் படித்தேன். தூங்குவதில்லை, தகப்பனார் சொன்னபடி. காரணமில்லாமல் அழுகிறார், தகப்பனார் சொன்னபடி. பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிறார், தகப்பனார் சொன்னபடி. வீட்டை விட்டு ஓடும் போக்கு உள்ளது, தகப்பனார் சொன்னபடி. மருத்துவர் தன் கண்ணால் கண்டதாக எழுதியது ஒரே வரிதான்: கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுக்கிறார். தன்னைத் தூக்கிவந்தவர்கள் சுற்றி நிற்கும்போது பதில் சொல்ல மறுப்பது நோயா என்று நான் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

இந்தக் குற்ற உணர்ச்சியில்தான் பழைய சட்டங்களைத் தோண்ட ஆரம்பித்தேன்.

1858-இல், அதாவது 1857 எழுச்சிக்கு அடுத்த ஆண்டே, பிரிட்டிஷ் அரசு மனநிலை தொடர்பாக ஒரே மூச்சில் மூன்று சட்டங்களைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டின் 34, 35, 36ஆம் எண் சட்டங்கள். கூர்ந்து பார்த்தால், முதல் இரண்டும் மனநிலை சரியில்லாதவரின் சொத்தை யார் நிர்வகிப்பது என்பதைச் சுற்றியவை. ஒன்று மாகாணத் தலைநகரங்களில் இருந்த உச்ச நீதிமன்றங்களுக்கு, மற்றொன்று அதற்கு வெளியே மாவட்ட நீதிமன்றங்களுக்கு. மூன்றாவதுதான் காப்பகங்கள் பற்றியது. சென்னையில் காப்பகம் 1794-இலிருந்தே உண்டு. கீழ்ப்பாக்கத்துக்கு அது வந்தது 1871-இல். நம் சினிமா நகைச்சுவையில் அந்த ஊர்ப் பெயரே ஒரு வசவாக ஆனதற்கு 150 வருட வரலாறு இருக்கிறது.

இந்த மூன்றையும் சேர்த்துப் புதுப்பித்ததுதான் 1912-இன் இந்தியப் பைத்தியச் சட்டம். பெயரே அதுதான். 1993 வரை புத்தகத்தில் இருந்த சட்டம். அதில் ஒருவரைக் காப்பகத்துக்கு அனுப்பப் பல வழிகள் உண்டு. கணவனோ மனைவியோ உறவினரோ மனுக் கொடுக்கலாம். இரண்டு மருத்துவச் சான்றுகள் வேண்டும். மனுதாரர் அந்த நபரை அதற்கு முந்தைய 14 நாளுக்குள் நேரில் பார்த்திருக்க வேண்டும். நடுவர் உத்தரவு போட வேண்டும். இது வீடும் உறவும் உள்ளவர்களுக்கு. சொத்தும் இருந்துவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் தனியாக விசாரணை. அவர் பைத்தியமா இல்லையா என்று சாட்சி வைத்து, குறுக்கு விசாரணை செய்து முடிவெடுப்பார்கள்.

தெருவில் திரிகிறவருக்கு? 13ஆம் பிரிவு. காவல் நிலைய அதிகாரி தன் எல்லைக்குள் திரிகிற ஒருவரைப் பைத்தியம் என்று நம்பக் காரணம் இருந்தால் பிடிக்கலாம். நடுவர் முன்னால் நிறுத்தலாம். அங்கே ஒரு மருத்துவ அதிகாரியின் சான்று போதும். சொத்துள்ளவரின் புத்தியை அளக்க நீதிமன்றம், சொத்தில்லாதவரின் புத்தியை அளக்க இன்ஸ்பெக்டர். நிலம் யாரிடம் இருந்தது, தெருவில் யார் நின்றார்கள் என்பதை இந்த அவையில் நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே சட்டத்தில் 18ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அதைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சான்று எழுதும் மருத்துவர் எந்த உண்மைகளை வைத்து இந்த முடிவுக்கு வந்தார் என்று எழுத வேண்டும். தான் நேரில் கண்டது தனி, மற்றவர்கள் சொல்லிக் கேட்டது தனி என்று பிரித்து எழுத வேண்டும். மற்றவர்கள் சொன்னதை மட்டுமே வைத்து எழுதிய சான்றின் பேரில், மனு மூலமாக யாரையும் காப்பகத்துக்கு அனுப்ப உத்தரவு போடக் கூடாது. 1912-இல், வெள்ளைக்காரன் எழுதிய, பெயரிலேயே அவமானம் சுமந்த ஒரு சட்டத்தில் இது இருந்தது! குடும்பம் பொய் சொல்லும் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சொத்துக்காகப் பொய் சொல்லும் என்று நினைத்திருப்பார்கள். சாதிக்காகவும் சொல்லும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

அதன் இடத்தில் வந்த 1987 மனநலச் சட்டம் சொற்களைச் சுத்தம் செய்தது. பைத்தியம் போய் மனநோயாளி வந்தார். ஆனால் 19ஆம் பிரிவில் ஒரு புதுக் கதவையும் திறந்தது. தன் விருப்பத்தைச் சொல்ல முடியாத அல்லது சொல்லாத ஒருவரை, உறவினரோ நண்பரோ விண்ணப்பித்தால், இரண்டு மருத்துவச் சான்றுகளோடு 90 நாள் வரை உள்ளே வைக்கலாம். நடுவரிடம் முதலில் போக வேண்டியதில்லை. விருப்பம் சொல்லாதவர் என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பேரை அடைக்கலாம், பாருங்கள். நான் சொன்ன பெண் அந்தக் கதவு வழியாகத்தான் போனார். சட்டம் கேட்டது இரண்டு சான்று. கோப்பில் இருந்தது ஒன்று. அதையும் நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இன்னும் கொஞ்சம் பின்னால் போகலாம். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பு இங்கே புத்தியை அளக்கும் சட்டமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மனு தர்மம் 9ஆம் அத்தியாயம், 201ஆம் சுலோகம். குடும்பச் சொத்தில் பங்கு இல்லாதவர்களின் பட்டியல். பிறவிக் குருடர், செவிடர், ஊமை, புத்தி பேதலித்தவர், மந்த புத்தியுள்ளவர். இதே வரிசையில் சாதியிலிருந்து தள்ளி வைக்கப்பட்டவரும் இருக்கிறார். பதிதர் என்பது அங்கே சொல். சாதியை மீறியவரும் புத்தி கெட்டவரும் ஒரே சுலோகத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் இந்து சட்டம் என்ற பெயரில் இந்த விலக்குகளை எடுத்து நடத்தின.

அந்தப் பட்டியல் கலைந்த வரிசையைக் கவனியுங்கள். சாதி இழந்தவரும் மதம் மாறியவரும் வாரிசுரிமையை இழக்க மாட்டார்கள் என்று 1850-இல் 21ஆம் எண் சட்டம் வந்தது. உடற்குறையும் நோயும் உள்ளவர்களுக்கு 1928 வரை விடிவு இல்லை. அந்தச் சட்டமும் பிறவியிலேயே மனவளர்ச்சி குன்றியவரையும் பிறவியிலேயே புத்தி பேதலித்தவரையும் மட்டும் வெளியிலேயே நிறுத்தியது, தாயபாக முறை நடந்த வங்காளத்துக்கு அது பொருந்தவும் இல்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவில்தான், எந்த நோயும் எந்தக் குறையும் வாரிசுரிமையைப் பறிக்காது என்று முடிந்தது. பதிதர் வெளியே வந்து 106 வருடம் கழித்துத்தான் கடைசி ஆள் வெளியே வந்தார். சாதியை மீறுகிறவருக்குப் புத்தி சரியில்லை என்று ஓர் அப்பா வராந்தாவில் அழும்போது, அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்தவர்களை மறுபடி சேர்த்து வைக்கிறார்.

இது நம் நாட்டின் தனிச் சொத்தும் இல்லை. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1851-இல் ஒரு சட்டம் வந்தது. ஒருவரை மனநோய்க் காப்பகத்தில் சேர்க்க மற்றவர்களுக்குத் தேவைப்பட்ட சாட்சியம், மணமான பெண்ணுக்கும் சிறாருக்கும் தேவையில்லை. கணவனோ காப்பாளரோ கேட்டுக்கொண்டால் போதும். 1860-இல் எலிசபெத் பேக்கார்ட் என்ற பெண்ணை, பாதிரியாரான அவர் கணவர் இப்படித்தான் ஜாக்சன்வில் காப்பகத்துக்கு அனுப்பினார். அவர் செய்த குற்றம், கணவரின் மதக் கருத்தை எல்லோர் முன்னாலும் மறுத்துப் பேசியது. மூன்று வருடம் உள்ளே இருந்தார். வெளியே வந்த பிறகு கணவர் வீட்டிலேயே அடைத்து வைக்க, வழக்கு ஜூரி முன்னால் போனது. 1864 ஜனவரியில் ஜூரிகள் அவர் தெளிந்த மனநிலையில் இருக்கிறார் என்று சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் 7 நிமிடம். பிறகு அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசி, எழுதி, 1867-இல் அந்த மாநிலச் சட்டத்தையே மாற்ற வைத்தார்.

சரி, நம் ஊர் சாதி வழக்குக்கு வருவோம். லதா சிங் எதிர் உத்தரப் பிரதேச அரசு, 2006. சாதி மறுப்புத் திருமணம் பற்றிப் பேசுகிற எல்லோரும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு. ஆனால் அதில் ஒரு பத்தியை யாரும் படிப்பதில்லை.

லதா சிங் லக்னோ பல்கலைக்கழகத்தில் இந்தி முதுகலை படித்துக்கொண்டிருந்தவர். பெற்றோர் இல்லை, அண்ணன் வீட்டில் இருந்தார். 2000 நவம்பர் 2 அன்று தன் விருப்பத்தில் வீட்டை விட்டு வெளியேறி, டெல்லியில் ஆரிய சமாஜக் கோவிலில் வேறு சாதிக்காரரைத் திருமணம் செய்தார். இரண்டு நாளில் அண்ணன் காணவில்லை என்று புகார் கொடுத்தார். போலீஸ் கணவரின் சகோதரிகளைப் பிடித்துச் சிறையில் போட்டது. கணவர் வீட்டார் அடிக்கப்பட்டார்கள், வீட்டைப் பூட்டினார்கள். லதா ஜெய்ப்பூருக்குப் போய் ஒளிந்து வாழ்ந்து, ராஜஸ்தான் மகளிர் ஆணையத்தில் வாக்குமூலம் கொடுத்தார். குற்றம் எதுவும் நடக்கவில்லை என்று போலீசே கடைசியில் இறுதி அறிக்கை கொடுத்துவிட்டது.

அப்போதுதான் நான் சொல்கிற இடம் வருகிறது. இறுதி அறிக்கையை எதிர்த்து லக்னோ தலைமை நீதித்துறை நடுவர் முன்னால் ஒரு மனு போடப்பட்டது. லதா சிங் மனநிலை சரியில்லாதவர் என்பது அதன் வாதம். கடத்தல் எடுபடவில்லையா, பைத்தியம் என்று சொல். அவர் ஜெய்ப்பூர் மனநல மையத்தில் மருத்துவர் குழு முன்னால் போய் உட்கார்ந்தார். எந்த மனநோயும் இல்லை என்று குழு சொன்னது. பிறகும் வழக்கு ஓய உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2006 ஜூலை 7 அன்று, வயது வந்தவர் தான் விரும்பியவரைத் திருமணம் செய்யலாம், இதில் குற்றமே இல்லை என்று எல்லா நடவடிக்கைகளும் ரத்து செய்யப்பட்டன. தீர்ப்பில் மருத்துவர் குழு பற்றி இருப்பது இரண்டு மூன்று வரிதான். ஆனால் யோசியுங்கள். வேறு சாதியில் திருமணம் செய்ததற்காக, எம்.ஏ. படிக்கும் ஒரு பெண் தனக்குப் புத்தி இருக்கிறது என்று மருத்துவர் குழுவிடம் நிரூபித்துச் சான்று வாங்க வேண்டியிருந்தது. அவரை அடிக்கத் தேடிய அண்ணன்களின் மனநிலையை எந்தக் குழுவும் பரிசோதிக்கவில்லை.

சில நேரம் மருத்துவர்கூடத் தேவைப்படுவதில்லை. ஹாதியா வழக்கு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 24 வயது, ஓமியோபதி படித்தவர். மதம் மாறினார், திருமணம் செய்தார். 2017 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம் திருமணத்தையே செல்லாதது ஆக்கி அவரைப் பெற்றோரிடம் அனுப்பியது. எளிதில் ஏமாற்றப்படக்கூடிய பலவீனமான பெண் என்பது போன்ற காரணங்கள் அந்தத் தீர்ப்பில் இருக்கின்றன. உச்ச நீதிமன்றத்தில், அவர் மூளைச்சலவை செய்யப்பட்டவர், அவருடைய சம்மதத்துக்கு மதிப்பில்லை என்று வாதாடினார்கள். நவம்பரில் அவரே நீதிமன்றத்தில் நின்று சுதந்திரம் வேண்டும் என்று சொன்ன பிறகு, பயிற்சியை முடிக்க நம் சேலத்துக்கு அனுப்பப்பட்டார். 2018 மார்ச்சில்தான் திருமணம் செல்லும் என்றானது. இங்கே நம் மாவட்டங்களில் "நாடகக் காதல்" என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் சொல்வதும் இதைத்தான். பையன் நடிக்கிறான் என்பது அந்தச் சொல்லின் மேல்பூச்சு. பெண்ணுக்கு நடிப்பையும் நிஜத்தையும் பிரித்துப் பார்க்கிற புத்தி கிடையாது என்பது உள்ளே இருக்கும் சரக்கு.

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு நீங்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். நல்லா இருக்கிற பெண்ணைப் பைத்தியம் என்கிறார்கள், அதுதான் அநியாயம் என்று. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு பயிற்சி முகாமில் ஒரு பெண் எழுந்து கேட்டார். "எனக்கு நிஜமாவே மனச்சிதைவு இருக்கு. ஆறு வருஷமா மாத்திரை சாப்பிடுறேன். நான் வேற சாதிப் பையனைக் கட்டிக்கிட்டா, எங்கப்பா சொல்றது சரியாயிடுமா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. லதா சிங் தப்பித்தது மருத்துவர் குழு "நோய் இல்லை" என்று சொன்னதால் என்றால், "நோய் உண்டு" என்று சொல்லியிருந்தால் என்ன? அந்தக் கேள்விக்குப் பதில் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இருக்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 3, 4ஆம் பிரிவுகளை நம் தோழர்கள் மனப்பாடமே செய்யலாம்.

ஒருவர் வாழும் சமூகத்தில் நிலவுகிற ஒழுக்க, சமூக, பண்பாட்டு, அரசியல் மதிப்பீடுகளுக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து மனநோய் இருப்பதாக முடிவு செய்யக் கூடாது. முன்பு சிகிச்சை எடுத்திருந்தார் என்பது மட்டுமே இன்றைக்கு நோய் இருப்பதற்கு ஆதாரம் ஆகாது. மனநோய் இருக்கிறது என்பதாலேயே சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார், அதை நீதிமன்றம் சொல்ல வேண்டும். சிகிச்சை விஷயத்தில் எல்லோருக்கும் முடிவெடுக்கும் திறன் உண்டு என்றுதான் சட்டம் தொடங்குகிறது. தேவையான தகவலைப் புரிந்துகொள்கிறாரா, முடிவின் விளைவு தெரிகிறதா, முடிவைப் பேச்சாலோ சைகையாலோ எப்படியோ சொல்ல முடிகிறதா, இவ்வளவுதான் அளவுகோல். கடைசியாக ஒன்று: ஒருவர் எடுத்த முடிவு மற்றவர்களுக்குத் தப்பாகத் தெரிகிறது என்பதற்காக அவருக்குத் திறன் இல்லை என்று ஆகாது.

அந்தப் பெண்ணுக்கு இப்போது பதில் சொல்லிவிடலாம். உங்கள் நோயும் உங்கள் மாத்திரையும் உங்கள் அப்பாவின் சாட்சிகள் அல்ல. திருமணச் சட்டங்கள் தனியாக ஒரு நிபந்தனை வைத்திருக்கின்றன, அதை மறைக்க மாட்டேன். 1955 இந்து திருமணச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, சம்மதம் கொடுக்க முடியாத அளவு சித்த சுவாதீனம் இல்லாதவர், திருமணத்துக்கு லாயக்கில்லாத அளவு மனக்கோளாறு உள்ளவர் என்று சொல்கிறது. சுயமரியாதைத் திருமணத்துக்கும் அது பொருந்தும். ஆனால் 1988-இலேயே உச்ச நீதிமன்றம், ராம் நாராயண் குப்தா வழக்கில், மனச்சிதைவு என்று பெயர் ஒட்டினால் போதாது, அது எந்த அளவு என்று பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அது விவாகரத்து வழக்குதான். இருந்தாலும் நாம் பயன்படுத்தலாம்.

ஏர்வாடியை இங்கே சொல்லாமல் போக முடியாது. 2001 ஆகஸ்ட் 6, அதிகாலைத் தீ. சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் செத்துப்போனார்கள். உரிமம் வேண்டும் என்று சொன்ன 1987 சட்டம் அப்போது நடைமுறையில்தான் இருந்தது. சாதி மறுத்த பெண்ணுக்காக நாம் தெருவுக்கு வருகிறோம், சரி. அந்த 28 பேருக்காக நம் இயக்கங்களில் எத்தனை பேர் எழுதினோம்? நான் எழுதவில்லை.

இதோடு சேர்த்து, கோபித்துக்கொள்ளாதீர்கள், நம் சுவரெழுத்து ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். "சாதி ஒரு மனநோய்." டீ-சர்ட்டில்கூடப் பார்த்தேன், இன்றைக்கு இந்த அறையிலேயே ஒருவர் போட்டிருக்கிறார். எழுதியவரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் சட்டத்தில் இதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? சித்த சுவாதீனம் இல்லாமல் செய்த செயல் குற்றம் ஆகாது. 1860 தண்டனைச் சட்டத்தில் 84ஆம் பிரிவு, இப்போதைய நியாய சன்ஹிதாவில் 22. ஆணவக் கொலை செய்கிறவன் ஆள் பார்க்கிறான், அரிவாள் வாங்குகிறான், பேருந்து நிலையத்தில் காத்திருக்கிறான், வக்கீல் ஏற்பாடு செய்துவிட்டு வெட்டுகிறான். நான் சொன்ன அளவுகோலில் அவன் மூன்றிலும் தேறுவான். அவனுக்கு நோயாளிப் பட்டம் கொடுப்பது அவனுக்குச் செய்கிற சலுகை, நோயாளிகளுக்குச் செய்கிற அவமானம். அம்பேத்கர் 1936-இல் சாதியை மனத்தில் இருக்கும் ஒரு கருத்து, ஒரு மனநிலை என்றார். நோய் என்று விட்டுவிடவில்லை. அந்தக் கருத்தைக் கற்றுக்கொடுக்கிற சாஸ்திரத்தைக் கைகாட்டினார்.

நேரம் ஆகிவிட்டது என்று தோழர் சீட்டு அனுப்புகிறார். வேலைக்கு ஆகிற விஷயம் மூன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்கிறவர்களுக்கு: 30 நாள் அறிவிப்புக் காலத்தில் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் கொடுக்கலாம். ஆனால் 4ஆம் பிரிவு நிபந்தனைகளை மீறுகிறது என்ற காரணத்துக்கு மட்டும். சாதியை அங்கே எழுத முடியாது. மனநிலையை எழுதலாம். அது வரும் என்று எதிர்பார்த்தே போங்கள்.

நீதிமன்றத்தில் யாராவது மருத்துவக் கோப்பை நீட்டினால்: 2017 சட்டம் 105ஆம் பிரிவு. மனநோய்க்கு ஆதாரம் என்று ஒன்று வைக்கப்பட்டு, எதிர்த் தரப்பு அதை மறுத்தால், நீதிமன்றம் அதை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். மறுக்க வேண்டியது வக்கீலின் வேலை. நான் மறுக்காமல் விட்ட கதையைத்தான் முதலில் சொன்னேன். கோப்பு கைக்கு வந்ததும் நோயின் பெயரைப் பார்க்காதீர்கள். யார் சொன்னபடி என்று ஒவ்வொரு வரியிலும் பாருங்கள்.

மூன்றாவது, அதே சட்டம் 14ஆம் பிரிவு. 18 வயது ஆன யாரும் தனக்கு ஒரு நியமனப் பிரதிநிதியை வைத்துக்கொள்ளலாம். சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. நீங்களே சம்மதிக்காதபோது உங்களை மருத்துவமனையில் சேர்க்க விண்ணப்பிக்கிற உரிமை அவருக்குத்தான் போகும். யாரையும் நியமிக்காவிட்டால் உறவினர் என்ற பெயரில் முதலில் வேன் எடுத்துக்கொண்டு வருகிறவர் உட்கார்ந்துவிடுவார். அப்படிச் சேர்த்தாலும் 30 நாளுக்கு மேல் அதே உத்தரவில் வைக்க முடியாது. இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். பெண் என்றால் 3 நாளுக்குள் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

நியமனத்துக்கு முத்திரைத்தாள் வேண்டாம், நோட்டரி வேண்டாம். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், கைரேகையும் செல்லும். நியமிக்கப்படுகிறவர் சம்மதம் எழுதித் தர வேண்டும். 2011-இல் இந்த வசதி இல்லை. வாசலில் கடையில் ஒரு குயர் தாள் வாங்கி வந்திருக்கிறேன், பின் வரிசை மேசையில் பேனாவோடு இருக்கிறது. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எப்படி எழுதுவது என்று கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.